இயற்பியல் படித்தால் நல்ல சம்பளம் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இயற்பியலில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மத்திய அரசுச் சம்பளக் கணக்குகள் ஏழாவது ஊதியக் குழுவின்படி, 2025 ஜூலை முதல் நடப்புக்கு வந்த 58 சதவீத அகவிலைப்படியை வைத்துப் போட்டவை.

இயற்பியலுக்கு உண்மையிலேயே பெரிய சம்பளம் உண்டா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

உண்டு. ஆனால் "இயற்பியல் பட்டதாரி தேவை" என்று மட்டும் போட்டுப் பெரிய சம்பளத்துக்கு யாரும் ஆள் எடுப்பதில்லை. பட்டத்தோடு இன்னொன்று சேர வேண்டும். சட்டம் கட்டாயமாக்கிய ஒரு சான்றிதழ், கோடி ரூபாய் இயந்திரத்தை நம்பி ஒப்படைக்கக்கூடிய கைப்பழக்கம், ஓடிக் காட்டும் நிரல், ஆயிரத்தில் சிலரே தேறும் ஒரு போட்டித் தேர்வு, இவற்றில் ஏதாவது ஒன்று. அது இல்லாமல் பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. என்று அடுக்கிக்கொண்டே போனவர்களில் பலர் 32 வயதில் கௌரவ விரிவுரையாளராக நிற்கிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் அந்த இன்னொன்று எது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.

பி.எஸ்சி. மட்டும்தான் முடித்திருக்கிறேன். அதிகம் தரும் வேலை எது?

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, சுருக்கமாக ஏ.டி.சி. இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் (ஏ.டி.சி.) என்ற பதவிக்கு ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் உள்ள மூன்றாண்டு பி.எஸ்சி. போதும். பொறியியல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். ஊதிய விகிதம் ரூ.40,000 – 1,40,000. படிகள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் என்று ஆணையத்தின் அறிவிப்பிலேயே இருக்கும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. வெறும் பி.எஸ்சி.க்கு 22 வயதில் இந்தச் சம்பளம் தரும் வேறு அரசு வேலை அனேகமாக இல்லை. ஆனாலும் நம் கலைக் கல்லூரிகளில் இதன் பெயரைக்கூடக் கேள்விப்படாத மாணவர்கள்தான் அதிகம்.

கணினித் தேர்வில் பாதி இயற்பியலும் கணிதமும், மீதிப் பாதி ஆங்கிலம், பொது அறிவு, ரீசனிங், கணக்கு. அதற்குப் பிறகு குரல் தேர்வு, உளவியல் மதிப்பீடு, போதைப்பொருள் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை. தேர்வானதும் பயிற்சி. மூன்று ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பட்டம் முழுநேர ரெகுலர் பட்டமாக இருக்க வேண்டும். அஞ்சல்வழியில் படித்தவர்கள் தேர்வில் தேறினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுவார்கள். நம் ஊர் பி.எஸ்சி. இயற்பியலில் கணிதம் துணைப் பாடமாக வருவதால், 'மேத்தமேட்டிக்ஸ்' என்று அச்சான செமஸ்டர் மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது, நிறக்குருடு. சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. ஓராண்டு படித்த பிறகு மருத்துவப் பரிசோதனையில் அறிவதற்குப் பதிலாக, விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் புள்ளிப் படத் தாள்களைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, குரல் தேர்வு. தமிழ் வாடை வீசும் ஆங்கிலம் ஒரு குறையே இல்லை. திக்காமல், விழுங்காமல், ஒரே வேகத்தில் பேச வருகிறதா என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலில் 3ஐ 'ட்ரீ' என்றும் 9ஐ 'நைனர்' என்றும் சொல்வது உலக வழக்கம். இரைச்சலில் ஓர் எண் மாறிக் கேட்டால் விமானம் வேறு உயரத்துக்குப் போய்விடும்.

இரவு ஷிப்ட் உண்டு, இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள். வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பி.எஸ்சி.க்கு வேறு?

இந்திய அணுமின் கழகத்தில் ஸ்டைபண்டியரி டிரெய்னி வழியாக சயின்டிஃபிக் அசிஸ்டன்ட் ஆகலாம். கூடங்குளம், கல்பாக்கம் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டன்ட் பதவியும் உண்டு. இரண்டும் மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் லெவல் 6, அடிப்படைச் சம்பளம் 35,400. வானிலைத் துறைத் தேர்வு ஆண்டுதோறும் வராது, அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

'பார்க்'கில் சேர்ந்தால் முதல் மாதம் கைக்கு எவ்வளவு வரும்?

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓ.சி.இ.எஸ். என்ற ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகு 'சயின்டிஃபிக் ஆபீசர் சி' பதவி. லெவல் 10. மும்பையில் சேர்ந்தால் கணக்கு இப்படி:

அடிப்படைச் சம்பளம் 56,100. அகவிலைப்படி 58 சதவீதம், 32,538. வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், 16,830. போக்குவரத்துப்படி 7,200, அதற்குரிய அகவிலைப்படியும் சேர்த்து 11,376. மொத்தம் ரூ.1,16,844. இதில் ஓய்வூதியத்துக்காக அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம், அதாவது சுமார் 8,864 பிடிப்பார்கள். வருமான வரி தனி. குடியிருப்பு ஒதுக்கினால் வாடகைப்படி வராது. ஆனால் மும்பையில் அந்த 16,830க்கு என்ன வீடு கிடைக்கும் என்று யோசித்தால் குடியிருப்பே லாபம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் சேர்பவர்களுக்கும் அடிப்படைச் சம்பளம் இதேதான். வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் ஊரைப் பொறுத்துக் குறையும்.

டி.ஆர்.டி.ஓ. சயின்டிஸ்ட் பி, இஸ்ரோவின் சயின்டிஸ்ட் எஸ்.சி. எல்லாம் இதே லெவல் 10தான். இவற்றில் எது கிடைத்தாலும் சம்பளத்தை வைத்து ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்ல முடியாது. செய்யப்போகும் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பார்க் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் நேர்காணலில் வெளியே வந்துவிட்டேன். ஏன்?

எழுத்துத் தேர்வு (100 கேள்வி, 2 மணி நேரம், சரிக்கு 3, தவறுக்கு 1 கழியும்) அல்லது கேட் (எம்.டெக். சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண், இரண்டுமே உங்களை உள்ளே அழைப்பதற்கு மட்டும். இறுதிப் பட்டியல் நேர்காணலை வைத்துத்தான். எழுத்துத் தேர்வு மதிப்பெண் அங்கே கூட்டப்படுவதில்லை. இதை அறியாமல், தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவைப்பவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

நேர்காணல் ஒரு மணி நேரம்கூடப் போகும். பிடித்த பாடங்களைச் சொல்லச் சொல்வார்கள். அங்கே பலர் கௌரவத்துக்காக குவாண்டம் இயக்கவியல் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டத்தை எழுதிவிடுவார்கள். "இரண்டு புரோட்டான், ஓர் எலக்ட்ரான் இருந்தால் வரைபடம் எப்படி மாறும், படம் போடுங்கள்" என்றதும் கை நின்றுவிடும். சூத்திரத்தைக் கேட்பதில்லை, வரைபடத்தைக் கேட்பார்கள். எதைப் பெருக்கினால் எது குறையும், எல்லைகளில் என்ன ஆகும், அலகு என்ன, எண்ணளவில் சுமாராக எவ்வளவு, இவை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றே பாடம் போதும், ஆனால் அடிவரை. எம்.எஸ்சி. புராஜெக்டில் நீங்கள் பயன்படுத்திய கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் கட்டாயம் வரும். 'எக்ஸ்.ஆர்.டி. எடுத்தோம்' (எக்ஸ் கதிரால் படிக அமைப்பை அறியும் சோதனை) என்று சொல்பவரிடம் அடுத்த கேள்வி, "எந்த உலோக இலக்கு, அலைநீளம் என்ன, ஏன் அது?" என்பதாகத்தான் இருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் நாலைந்து முறைக்கு மேல் சொன்னால் எழுந்து வர வேண்டியதுதான்.

மருத்துவ இயற்பியல் என்கிறார்களே, அது என்ன? சம்பளம் பரவாயில்லையா?

புற்றுநோய்க் கதிர் சிகிச்சையில், நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில், எத்தனை நாள் என்று திட்டமிட்டு, இயந்திரம் சரியாகக் கொடுக்கிறதா என்று அளந்து பார்ப்பவர் மருத்துவ இயற்பியலாளர். இங்கே அந்த 'இன்னொன்று' சட்டமே. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்ற கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், அதாவது ஆர்.எஸ்.ஓ., இல்லாமல் எந்த மருத்துவமனையும் லினாக் என்ற கதிர் சிகிச்சை இயந்திரத்தை இயக்க முடியாது. பல கோடி போட்டு வாங்கிய இயந்திரம் ஒரு கையெழுத்துக்காகச் சும்மா நிற்கும். அதனால்தான் புதுப் புதுப் புற்றுநோய் மையங்கள் இரண்டாம் நிலை நகரங்களுக்கு வர வர இவர்களுக்கு மரியாதை கூடுகிறது.

வழி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஓராண்டு டிப்ளமோ (பார்க் நடத்தும் டிப்.ஆர்.பி.), அல்லது நேரடியாக எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸ். அண்ணா பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி., கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது. பிறகு அங்கீகாரம் பெற்ற கதிர் சிகிச்சைத் துறையில் 12 மாத இன்டர்ன்ஷிப். பிறகு ஆர்.எஸ்.ஓ. மூன்றாம் நிலைத் தேர்வு. கடைசியாக, சேரும் மருத்துவமனை உங்கள் பெயரை வாரியத்தின் இ-லோரா தளத்தில் முன்மொழிந்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது: பெயரில் 'ரேடியேஷன்', 'இமேஜிங்' என்று வரும் படிப்பெல்லாம் இது ஆகாது. இமேஜிங் டெக்னாலஜி படித்தவர் டெக்னாலஜிஸ்ட்தான் ஆவார். அது வேறு வேலை, வேறு சம்பளம். கல்லூரியில் பணம் கட்டும் முன் அந்தப் படிப்பை வாரியம் ஏற்கிறதா, இன்டர்ன்ஷிப் இடத்தைக் கல்லூரியே தருமா என்று எழுத்தில் கேளுங்கள். இன்டர்ன்ஷிப் இடம் கிடைக்காமல் ஓராண்டு வீட்டில் இருப்பவர்கள் உண்டு.

முதல் சம்பளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது சுமாராகத்தான் இருக்கும். ஆர்.எஸ்.ஓ. ஒப்புதலும் நான்கைந்து ஆண்டு அனுபவமும் சேர்ந்தபின்தான் ஏற்றம். புது மையத்தில் இயந்திரத்தை முதலிலிருந்து நிறுவி அளந்து தொடங்கி வைத்த அனுபவம் இருந்தால் பேரம் பேசும் இடம் உங்களுடையது.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று. தினமும் காலையில், முதல் நோயாளி வருமுன், இயந்திரத்தின் வெளியீடு எதிர்பார்த்த அளவிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத அளவீட்டில் 2 சதவீதம். அளக்கும் அயனிக் கலம் காற்றுக்குத் திறந்தது, ஆகவே வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்தம் போட வேண்டும். புதியவர்கள் விடும் தவறு, காற்றழுத்தத்தை மொபைல் வானிலைச் செயலியில் பார்த்து எழுதுவது. செயலி காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம். சென்னையில் வித்தியாசம் தெரியாது. கோவை 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே உண்மையான அழுத்தம் 4 சதவீதத்துக்கு மேல் குறைவு. செயலியின் எண்ணைப் போட்டால் கதிர் அளவு குறைவாக வருவதுபோலத் தெரியும். அதை நம்பி இயந்திரத்தின் வெளியீட்டை உயர்த்தினால் ஒவ்வொரு நோயாளிக்கும் 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல் கதிர் போகும். அறையிலேயே ஒரு நல்ல பாரோமீட்டர் இருக்க வேண்டும்.

பகல் முழுக்க நோயாளிகள் என்பதால் பெரிய அளவீடுகள் இரவிலோ ஞாயிற்றுக்கிழமையோதான். இதைச் சேரும் முன் யாரும் சொல்ல மாட்டார்கள்.

என்.டி.டி. படித்தால் வளைகுடாவில் நல்ல சம்பளம் என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

வேலை உண்மை, விளம்பரம் பாதி உண்மை. உடைக்காமல் சோதிக்கும் இந்தத் துறை பைப்லைன், பாய்லர், கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங்கைச் சோதிக்கிறது. ஒலி, கதிர், காந்தம் எல்லாம் இயற்பியல் படித்தவருக்கு ஏற்கெனவே பழக்கம்.

சிக்கல் சான்றிதழில். 'எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ' முறையில் லெவல் 2 (இது சம்பள லெவல் அல்ல, இந்தத் துறையின் தேர்ச்சி நிலை) சான்று தருவது வேலை தரும் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த நிறுவனத்தை விட்டு வந்தால் புது நிறுவனம் திரும்பத் தகுதி பார்க்க வேண்டும். பத்து நாள் வகுப்பு நடத்திப் பயிற்சி மையம் கொடுக்கும் காகிதத்துக்கு அதனால்தான் நேர்காணலில் மதிப்பில்லை. கையோடு எடுத்துப்போகக்கூடியது ஐ.எஸ்.ஓ. 9712 அடிப்படையிலான மூன்றாம் தரப்புச் சான்று, பி.சி.என்., சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. போன்றவை. செலவு அதிகம், ஆனால் சம்பளம் அதற்குத்தான். அதிலும் சாதாரண அல்ட்ராசோனிக்கைவிட ஃபேஸ்ட் அரே, டி.ஓ.எஃப்.டி. என்ற மேம்பட்ட ஒலி முறைகள் தெரிந்தவருக்குக் கூடுதல். ரேடியோகிராஃபி செய்ய இந்தியாவில் பார்க் நடத்தும் ஆர்.டி. பயிற்சியும் தேர்வும் தனியே வேண்டும்.

கள வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: இரிடியம்-192 மூலத்தின் அரை ஆயுள் சுமார் 74 நாள். இன்று 40 கியூரி, 5 நிமிட எக்ஸ்போஷர் என்றால், இரண்டரை மாதத்தில் 20 கியூரி, 10 நிமிடம். பழைய நேரத்தையே போட்டுப் படம் வெளுத்து வந்தால், அந்த இரவின் ஃபிலிம் எல்லாம் வீண். அந்தக் கணக்கைச் சாரக்கட்டில் நின்று போடுபவருக்கும் போடத் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம்தான் லெவல் 3 வரை போகிறது.

பிஎச்.டி. செய்தால் சம்பளம் கூடுமா?

முதலில் விலையைப் பாருங்கள். சி.எஸ்.ஐ.ஆர். தரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டாண்டு மாதம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். 42,000; 2023 ஜனவரி முதல் இந்த விகிதம். ஐந்தாண்டில் வாடகைப்படி நீங்கலாக மொத்தம் 24 லட்சம். அதே ஐந்தாண்டு மேலே சொன்ன லெவல் 10 வேலையில் இருந்தவருக்கு, ஊதிய உயர்வுகளைக் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 70 லட்சம். ஆக முனைவர் பட்டத்தின் விலை 46 லட்சத்துக்கு மேல். உதவித்தொகை சில மாதம் தள்ளி வருவதும் நடக்கும், மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் சேராதீர்கள்.

அந்த விலை திரும்ப வருவது எதில் என்றால், ஆய்வகத்தில் நீங்கள் கற்ற கைவேலையில். அல்ட்ராஃபாஸ்ட் லேசர், உயர் வெற்றிடம், மெல்லிய படலம் படியவைத்தல், மிகக்குறை வெப்பநிலை, ஆர்.எஃப். மின்னணுவியல், பெரிய கணினியில் ஓடும் சிமுலேஷன், இவை தெரிந்தவர்களைத் தொழிற்சாலைகள் தேடுகின்றன. 2023இல் ரூ.6,003.65 கோடிக்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் மிஷனின் நான்கு மையங்களில் தொடர்பியல் மையம் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கிறது. அங்கும் கேட்பது ஒளியியல் மேஜையில் கை ஓடுமா என்பதைத்தான். ஏதோ ஒரு நானோத் துகளைத் தயாரித்து, எக்ஸ்.ஆர்.டி., எஸ்.இ.எம்., யூ.வி. எடுத்து, அதே அச்சில் எட்டுக் கட்டுரை போட்ட பிஎச்.டி.க்குக் கல்லூரிக்கு வெளியே விலை இல்லை. கடுமையாக இருக்கலாம், ஆனால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. அவரிடம் பட்டம் பெற்ற கடைசி ஐந்து பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட அந்த ஐந்து விடைகள் அதிகம் சொல்லும்.

செமிகண்டக்டர் நிறுவனங்களின் தளத்தில் விண்ணப்பித்தால் 'பி.இ. / பி.டெக். மட்டும்' என்று வருகிறதே?

மனிதர் பார்க்கும் முன்பே மென்பொருள் கழித்துவிடுகிறது. டிவைஸ் ஃபிசிக்ஸ், டி.கேட். சிமுலேஷன் (சில்லின் செயலைக் கணினியில் கணிப்பது), பிராசஸ், மெட்ராலஜி வேலைகளுக்கு எம்.எஸ்சி. இயற்பியல் பொருத்தமே. ஆனால் கதவைத் திறக்கும் சாவி எம்.டெக். கேட் இயற்பியல் தாளை வைத்தே சேரக்கூடிய எம்.டெக். படிப்புகள் இருக்கின்றன: ஐ.ஐ.டி. டெல்லியில் ஆப்டோ எலக்ட்ரானிக்ஸ், கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஆப்டோ எலக்ட்ரானிக்ஸ்–லேசர் தொழில்நுட்பம் போன்றவை. உதவித்தொகை மாதம் 12,400தான், ஆனாலும் இரண்டு ஆண்டில் கேம்பஸ் நேர்காணல் வரிசைக்குள் நுழைந்துவிடலாம். எம்.டெக். வேண்டாம் என்றால், அங்கே வேலை செய்யும் சீனியர் வழியாக உள் பரிந்துரை. வேறு வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

டேட்டா சயின்ஸ், குவான்ட்?

டேட்டா சயின்ஸுக்குச் சான்றிதழ்களைக் குவிக்காதீர்கள். ரெஸ்யூமேயில் ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். "எம்.எஸ்சி. புராஜெக்டில் காமா நிறமாலை ஆய்வு செய்தேன்" என்பதை, "600 நிறமாலைக் கோப்புகளைப் பைத்தானில் படித்து, உச்சிகளைத் தானாகக் கண்டறிந்து, பிழை வரம்போடு பொருத்தும் நிரல் எழுதினேன், கையால் இரண்டு நாள் ஆனது 4 நிமிடத்தில் முடிகிறது" என்று எழுதினால் படிப்பவர் நிற்பார். எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்கட்டும், நேர்காணலில் அங்கிருந்துதான் தோண்டுவார்கள். இயற்பியல்காரர்கள் பெரும்பாலும் தோற்பது எஸ்.க்யூ.எல்.லில். ஜாயின், குரூப் பை, விண்டோ ஃபங்ஷன் மூன்றும் தூக்கத்திலும் வர வேண்டும்.

நிதிச் சந்தைக்குக் கணித மாதிரி எழுதும் குவான்ட் வேலையின் சம்பளம் இந்தப் பட்டியலிலேயே பெரியது, இடங்களோ மிகக் குறைவு, பெரும்பாலும் மும்பை, பெங்களூரு, குருகிராம். நிதியறிவைவிட நிகழ்தகவைத்தான் முதலில் சோதிப்பார்கள். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால் அடுத்தடுத்து இரண்டு தலை விழ சராசரியாக எத்தனை சுண்டல்? விடை 6. நான்கு என்று சட்டென்று சொல்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டு நிமிடத்தில் சமன்பாடு எழுதி 6 வரவைக்க முடிந்தால், சி++ஐயும் தீவிரமாகப் படிக்கத் தொடங்கலாம்.

ஆசிரியர் வேலை?

எம்.எஸ்சி., பி.எட். முடித்து டி.ஆர்.பி. வழியாக அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் என்றால் தொடக்கம் 36,900, அகவிலைப்படி தனி. கேந்திரிய வித்யாலயா பி.ஜி.டி. 47,600. கல்லூரி உதவிப் பேராசிரியர் 57,700. ஐ.ஐ.டி. உதவிப் பேராசிரியர் (கிரேடு 1) 1,01,500. தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் நடத்தும் வேலையைச் சம்பளத்துக்காக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

நீட், ஜே.இ.இ. பயிற்சி மையங்களில் பெயர் வாங்கிய இயற்பியல் ஆசிரியர்கள் பேராசிரியரைவிட அதிகம் வாங்குகிறார்கள். நீட்டில் 720க்கு 180 இயற்பியல், மாணவர்கள் அதிகம் பயப்படுவதும் அதற்குத்தான். நாளுக்கு ஆறு மணி நேரம் நின்று பேச வேண்டும், தொண்டை போகும், முடிவு வந்த வாரம் வேலையும் போகலாம்.

வெளிநாட்டில்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி இயற்பியலாளரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2024 மே மாதத்தில் 1,66,290 டாலர். இந்த எண்ணை மட்டும் பார்த்துக் கடன் வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பிஎச்.டி. கேட்பவை, பாதுகாப்புத் துறை சார்ந்த பல வேலைகள் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்.

செலவு குறைவான வழி ஜெர்மனி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், உங்கள் பட்டம் உண்மையானது என்று சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும், சான்று வர மாதக்கணக்கில் ஆகலாம், அதை முதலில் தொடங்குங்கள்.

அங்கே பிஎச்.டி. ஒரு வேலை. டி.வி.-எல். இ13 என்ற ஜெர்மன் மாநில அரசு ஊதிய விகிதத்தில் முழுநேரத்துக்கு 2025 பிப்ரவரி முதல் தொடக்கம் மாதம் சுமார் 4,600 யூரோ. ஆனால் விளம்பரத்தில் 50, 67, 75 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிச் சம்பளத்தில் விழிப்பவர்கள் உண்டு. 75 சதவீதம் என்றால் வரி, காப்பீடு போகக் கைக்கு 2,300 யூரோவுக்கு அருகில் வரும்.

ஆய்வகமும் வேண்டாம், வகுப்பறையும் வேண்டாம் என்றால்?

காப்புரிமை. காப்புரிமை அலுவலகத்தின் எக்ஸாமினர் பதவி லெவல் 10, எம்.எஸ்சி. இயற்பியல் போதும், சென்னை கிண்டியிலேயே அலுவலகம் இருக்கிறது. தனியாகத் தொழில் செய்ய பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதலாம், அறிவியல் பட்டம் இருந்தால் சட்டப் படிப்பு தேவையில்லை. எழுதுவதில் சோம்பல் இல்லாதவர்களுக்கான வேலை.

எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. மத்தியத் தேர்வுகளில் ஓ.பி.சி. என்று போடலாமா?

அப்படியே போட முடியாது. ஜேம் (ஐ.ஐ.டி. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு), கேட், பார்க், விமான நிலைய ஆணையம் எல்லாமே மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. – என்.சி.எல். (வசதி படைத்த 'கிரீமி லேயர்' பிரிவில் வராதவர்) சான்று கேட்பவை. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று அங்கே செல்லாது. முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்காது. இருந்தால் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பியுங்கள். 8 லட்ச வருமான வரம்பைக் கேட்டுப் பலர் தாங்களாகவே பின்வாங்குகிறார்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. பெற்றோர் அரசுப் பணியில் உயர் பதவியில் இருந்தால் விதி வேறு. சான்றின் தேதியும் முக்கியம்: எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஏப்ரல் 1ஐ ஒட்டி இருக்கும். போன வருடச் சான்றைப் பதிவேற்றியவர்கள் கடைசியில் பொதுப் பிரிவில் கணக்கிடப்படுகிறார்கள். ஜேம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், ஆகஸ்டிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.